ஒரு நிமிடக் காற்று

சிவப்பு வலதுக்கு, நீலம் இடதுக்கு.
"அவ்வளவுதான்" என்றாள் வதனா.
"எந்த வளவு?" என்றேன்.
ஹமில்ட்டன் உருக்காலையில் இருபத்திரண்டு வருடம்
தகடு சுருளும் அலறலுக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.
காது பரிசோதித்த பெண்
சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டாள்.

காதுக்குள்ளேயே குடியிருக்கும் இரண்டு துண்டுகள்,
பாதி முந்திரிப் பருப்பு அளவு.
போட்டுக்கொண்டு பார்ட்டன் வீதிக்கு வந்தேன்.
காலடியில் பனி அப்பளமாய் நொறுங்கியது.
என் ஜாக்கெட் இத்தனை வாயாடியா?
மூக்கால் இப்படியா மூச்சு விடுகிறேன்?
வதனா ஒருநாளும் சொல்லவில்லையே.
சொல்லியிருப்பாள்.

வீட்டுக்குப் புதுச் சட்டங்கள் வந்தன.
குளிக்க முன்னம் கழற்று.
தலைக்கு ஸ்பிரே அடிப்பவள் அடித்து முடியட்டும், பிறகு போடு.
இரவில் பற்றரிக் கதவைத் திறந்துவிட்டு
ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட பெட்டிக்குள் படுக்க வை.
காலையில் உலர்ந்த பிரஷால் குடுமி துடை,
துளை நிலத்தைப் பார்க்கட்டும்,
இல்லாவிட்டால் அழுக்கு உள்ளுக்குத்தான் போகும்.
தண்ணீர் வேண்டாம். ஊசி வேண்டவே வேண்டாம்.
நெருப்புக்குச்சியால் காது குடைந்து வளர்ந்த கை
அதை மட்டும் ஒப்புக்கொள்ள நாளாயிற்று.

புதுப் பற்றரியில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும்.
உரித்த கையோடு மூடாதே,
ஒரு நிமிடம் காற்றுக் குடிக்க விடு.
அந்த ஒரு நிமிடம்
யன்னலடியில் சும்மா நிற்பேன்.
ஆலையில் யாரும் எனக்கு
ஒரு நிமிடம் தந்ததில்லை.

மாசி மாதத்து ஞாயிறு.
தம்பியின் மகள் தமயா வந்திருந்தாள்,
இரண்டு வயது, எதையும் முதலில் நாக்கால் படிப்பவள்.
இடது காதில் டிங் டிங். பற்றரி சாகப் போகிறது.
கழற்றினேன். வாசல் மணி அடித்தது. போய் வந்தேன்.
கதவு திறந்தபடி கருவி கிடந்தது.
பற்றரி இல்லை.
தமயா எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

வாயைத் திற. திறந்தாள். பிஸ்கட்.
வேறென்ன? சிரித்தாள்.
வதனா கம்பளத்தை உதறினாள், தம்பி சோபாவைக் கவிழ்த்தான்.
நச்சுத் தகவல் எண்ணில் ஒரு நிதானமான குரல்:
பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்,
இப்போதே போங்கள்.
மைனஸ் பதினெட்டில் போனோம்.

அவசரப் பிரிவில் என் வலக்காது மட்டும் விழித்திருந்தது.
இடக்காதில் பழைய ஆலை இரைந்தது.
டொக்டர் எந்தப் பக்கம் நின்றாரோ
அந்தப் பக்கத்துச் செய்தியே எனக்கு.
"...தொண்டையில் நின்றால் சில மணி நேரத்திலேயே சுட்டு..."
"...மூக்கிலும் பார்த்தோம்..."
இடையில் விட்டுப்போனதை
தம்பியின் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வாசித்தேன்.

எக்ஸ்ரே.
கைக்குட்டை அளவு மார்பு,
மீன்முள் விலாக்கள்.
வட்டமாய், வெள்ளையாய் எதுவுமில்லை.
டொக்டர் இரண்டு முறை சொன்னார்.
மூன்றாம் முறையும் கேட்டேன்,
கேளாததால் அல்ல.

வீடு வர இரவு ஒரு மணி.
சப்பாத்துக் கழற்றாமல் மேசைக்குப் போனேன்.
பிரஷ் கிடந்தது.
அதன் மறுமுனையில், பற்றரி தூக்கவென்றே பதித்த
மிளகளவு காந்தத்தில்
சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது அது.
நானேதான் தூக்கியிருக்கிறேன். நானேதான் வைத்திருக்கிறேன்.

தம்பிக்கு அழைத்தேன்.
சிரித்தானா, அழுதானா, ஏசினானா,
அந்த நேரம் பார்த்து வலதும் டிங் என்றது.

இப்போது பற்றரிகள் மேல் அலுமாரியில், மருந்துகளோடு பூட்டுக்குள்.
மாற்றுவது கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் அமர்ந்து;
விழுந்தாலும் போர்வையில் விழும்.
செத்தவை டேப் சுற்றிப் போத்தலில் சேர்கின்றன.

தமயா இன்னும் வருகிறாள்.
மடியில் ஏறி என் காதைப் பொத்துவாள்.
கை நெருங்கியதும் கருவி கீச்சிடும்.
அவளும் திருப்பிக் கீச்சிடுவாள்.
என்னதான் பேசிக்கொள்கிறார்களோ,
எனக்கு முழுதாகக் கேட்பதில்லை.